எஃப்.சி.க்குப் போன தண்ணி லாரி

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நின்று கிளியம்மாள் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். எத்தனை லிட்டர் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அப்படி ஒரு பெயர், அது சும்மா வந்துவிடவில்லை. அஞ்சாங்கிளாஸ் பாதியில் நின்றவள். புருஷனின் சைக்கிளில் இரண்டு பக்கமும் நீலக் குடம் கட்டிக்கொண்டு, கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கித் தண்ணீர் விற்றவள். அந்தக் கட்டடங்களில் இன்றைக்குக் கம்ப்யூட்டர் படித்தவர்கள் குடியிருக்கிறார்கள். குழாய் காற்று விட்டால் அவர்கள் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். நாற்பத்தொன்பது வயதில் இரண்டு தண்ணி லாரி, இரண்டும் சொந்த வண்டி. மாமன் மச்சான் யாரும் தூக்கிவிடவில்லை.

அவளுடைய தொழிலில் இரண்டே சட்டம். முதல் சட்டம், தினமும் காலையில் லாரியின் பின் ஏணியில் அவளே ஏறி, மேல் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பாள். பாசி, துரு, செத்த பல்லி, எதுவும் அந்த வெளிச்சத்துக்குத் தப்பாது. கண்ணால் பார்க்காத டேங்க்கில் ஒரு சொட்டுப் பிடிக்க விடமாட்டாள். இரண்டாவது சட்டம் டிரைவர் துரைக்காகப் போட்டது. துரை நல்லவன், பதினோரு வருஷமாக அவளிடம் ஓட்டுகிறான். ஆனால் ஒரு தரம் பள்ளிக்கரணையில் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோன முழு லோடையும் பக்கத்து வீட்டுத் தரையடித் தொட்டியில், சம்ப்பில், இறக்கிவிட்டான். அந்தக் கல்யாணத்தில் கை கழுவ ஆளுக்கு ஒரு சோடா பாட்டில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து புது இடம் என்றால் போனிலோ நேரிலோ கிளியம்மாள் குரல் காதில் விழாமல் துரை வால்வைத் தொடக் கூடாது. கலெக்டரே வந்து சொன்னாலும் கூடாது.

இந்த இரண்டு சட்டமும் ஒரே நாளில் அவளைப் பிடித்து உலுக்கின.

அதற்கு விதை போட்டது பெரும்பாக்கம். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் முகாம் போட்டார்கள். தாம்பரத்து மகளிர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஹில்டா என்ற நர்ஸ் வந்திருந்தாள். முகாமுக்கு ஒரு லோடு தண்ணீர் கேட்டார்கள். கிளியம்மாள் இலவசமாகவே கொடுத்தாள். கொடுத்ததை நாலு பேர் பார்க்க வேண்டாமா, அதனால் தானும் வந்து நின்றாள்.

வந்து பார்த்தால் வாசலில் நாற்பது பெண்கள் நிற்கிறார்கள், ஒருத்தியும் உள்ளே போகவில்லை. ஒருத்தி அடுப்பில் பால் இருக்கிறது என்கிறாள், ஒருத்தி மாமியாரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள். ஹில்டா கெஞ்சிக்கொண்டிருந்தாள். கிளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. அதற்காகப் பேசாமல் இருந்துவிட முடியுமா?

"டேங்க்குல டார்ச் அடிச்சுப் பாக்கற மாதிரிதான்டி. பாத்தா தேஞ்சா பூடும்? நான் போறேன் பாரு," என்று சொல்லிவிட்டு, புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள்.

ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். கொசு கடித்தால்கூட இதைவிட வலிக்கும் என்று அறிவித்தாள். அதற்கப்புறம் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு மேடவாக்கத்து டீக்கடையில் இதே பேச்சுதான். டாக்டருக்கு முடியாததை, நர்ஸுக்கு முடியாததை, தான் ஒரு வார்த்தையில் முடித்ததாகச் சொன்னாள். பொய்யும் இல்லை, உண்மைதான்.

மூன்றாவது வாரம் ஹில்டா போன் செய்தாள். நாற்பத்தோரு பேரில் நாற்பது பேருக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் செல்லில் ஏதோ மாற்றம் தெரிகிறது, நேரில் வந்து இன்னொரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றாள். யார் அந்த ஆள், விலாசம் சொல், நானே இழுத்து வருகிறேன் என்றாள் கிளியம்மாள்.

ஹில்டா முதலில் அவளை உட்காரச் சொன்னாள். பிறகு, "நீங்கதான்க்கா," என்றாள்.

அந்தப் பரிசோதனைக்குப் பெயர் கால்போஸ்கோபி. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்துப் பார்ப்பார்கள், மயக்கம் தர மாட்டார்கள், சந்தேகமான இடம் இருந்தால் கடுகளவு சதை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான் என்று ஹில்டா சொன்னாள். மாற்றம் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். கிளியம்மாள் காதில் நடுவில் இருந்த ஒரு சொல் மட்டும்தான் விழுந்தது.

அன்று ராத்திரி புருஷன் குப்புராஜிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். நல்ல மனுஷன்தான். ஆனால் பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசியைப் பார்த்ததுமே நாற்காலியோடு சாய்ந்தவர். அவரிடம் சொன்னால் முதலில் அவரை அட்மிட் செய்ய வேண்டியிருக்கும். டீக்கடையில் சொல்லலாமா? இரண்டு வாரமாக அங்கே பேசிய பேச்சுக்கு எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? ஹில்டா கொடுத்த முதல் தேதியை வண்டி வேலை என்று தள்ளினாள். இரண்டாவது தேதியைக் கல்யாணம் என்று தள்ளினாள். மூன்றாவது தரம் ஹில்டாவின் குரல் மாறியிருந்தது.

"அக்கா, டார்ச் அடிச்சுப் பாக்காம தண்ணி ஊத்துவீங்களா?"

தன் வார்த்தை தன் மேலேயே வந்து விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாக ஒத்துக்கொண்டாள்.

வீட்டில் என்ன சொல்வது? லாரியை எஃப்.சி.க்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னாள். வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துச் சான்று தருவார்களே, அந்த எஃப்.சி. ஆபீஸும் தாம்பரம் பக்கம், ஆஸ்பத்திரியும் தாம்பரம். நல்ல பொய்தான். அதில் இருந்த ஓட்டையை அவள் திங்கள்கிழமை சாயங்காலம்தான் கண்டுபிடித்தாள். எஃப்.சி.க்குப் போனால் லாரியும் போக வேண்டும். வாசலில் லாரி நிற்க, ஓனர் மட்டும் ஷேர் ஆட்டோவில் எஃப்.சி.க்குப் போன கதையைக் குப்புராஜ்கூட நம்ப மாட்டார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை, துரை லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியதும், கிளியம்மாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து தாம்பரத்துக்கு விடச் சொன்னாள். துரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தான்.

"இன்னாக்கா, எஃப்.சி.ன்ற. பெயின்ட் அடிக்கல, ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டல. லோடு வேற ஃபுல்லா கீது."

விடியற்காலையில் அவள் வழக்கம்போல டார்ச் அடித்துப் பார்த்து அனுப்பிய வண்டியில், வேங்கைவாசல் போர்வெல்லில் பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடித்துவிட்டிருந்தான். பெயின்ட் அடிக்காத வண்டியை, அதுவும் தளும்பத் தளும்ப லோடோடு, எஃப்.சி.க்கு ஓட்டிப் போகும் ஓனர் தமிழ்நாட்டிலேயே கிடையாது. இது துரைக்குத் தெரியும் என்பது கிளியம்மாளுக்கும் தெரியும். பேசாமல் ஓட்டு என்றாள். லாரி செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி சேலையூர் வந்தது. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது, ஆர்.டி.ஓ. வேண்டாம், நேராகப் போய் அந்த மகளிர் ஆஸ்பத்திரிக்குள் விடு, தெரிந்த பொம்பளை ஒருத்தி படுத்திருக்கிறாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். துரை அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தான். எந்த வார்டு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்ததால்தான் பதினோரு வருஷம் நிலைத்தான்.

உள்ளே பெஞ்சில் ஏற்கெனவே நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிளியம்மாள் ஐந்தாவது ஆள். ஒருத்தி மதுராந்தகத்திலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்தவள், ஒருத்தி கைக்குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். கிளியம்மாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தரமாக யார் கண்ணிலும் படக் கூடாது என்று நினைத்தாள்.

ஒன்பதரைக்கு ஹில்டா வெளியே வந்தாள். முகம் வாடியிருந்தது. ஆஸ்பத்திரி சம்ப்பு வறண்டுவிட்டது, வர வேண்டிய தண்ணி லாரி வழியில் டயர் வெடித்து நிற்கிறது, கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்யத் தண்ணீர் இல்லை, அதனால் இன்றைக்கு யாருக்கும் செய்ய முடியாது, எல்லாரும் அடுத்த செவ்வாய் வாருங்கள் என்றாள்.

கிளியம்மாளின் நெஞ்சிலிருந்த பாரம் அப்படியே இறங்கியது. தெய்வமாகப் பார்த்து டயரை வெடிக்க வைத்தது என்று நினைத்தாள். அடுத்த செவ்வாய்க்குள் எவ்வளவோ நடக்கலாம். பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

மதுராந்தகத்துப் பெண் எழவில்லை. மூன்றாவது தரம் வருகிறேன், ஒரு நாள் கூலி போனால் வீட்டில் கேள்வி, இனிமேல் அனுப்ப மாட்டார்கள் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணி இல்லாததற்கு நர்ஸம்மா என்ன செய்வார்கள் என்று பக்கத்திலிருந்தவள் சமாதானம் சொன்னாள்.

தண்ணி இல்லை. அந்தச் சொல்தான் கிளியம்மாளைக் கதவுக்கிட்டே நிறுத்தியது. அவள் இருக்கும் இடத்தில் தண்ணி இல்லை என்று ஒருத்தி சொல்வதா? இருபது வருஷமாக யாரும் சொன்னதில்லையே. வாசலில் நிற்பது பன்னிரண்டாயிரம் லிட்டர். வாயை மூடிக்கொண்டு போனால் தப்பிக்கலாம், இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் கிளியம்மாளுக்குத் தெரியுமே. இரண்டு அடி வெளியே வைத்தாள், இரண்டு அடி உள்ளே வைத்தாள். கடைசியில் தலையில் இருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஹில்டாம்மா, வெளிய நிக்கறது என் வண்டிதான். உங்க சம்ப்பு எங்க கீதுன்னு காட்டச் சொல்லு."

பெஞ்சில் இருந்தவர்கள் அவளைக் கோயில் தேரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஹில்டா வாட்ச்மேனை லாரிக்கு ஓடவிட்டாள். தண்ணீர் வந்துவிடும் என்று தெரிந்ததும் டாக்டர் ஜோசலின், கழுவி வைத்த செட் ஒன்று மீதி இருக்கிறது, முதலில் அந்த லாரியம்மாவையே அனுப்பு என்றார். நன்றிக்கடன் என்று அவர் நினைத்தார். கிளியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது, ஐந்தாவது ஆளாக இருந்தவள் தன் வாயாலேயே முதல் ஆளாகிவிட்டாள் என்று. இதோடு இரண்டாவது தரம்.

பை, போன் எல்லாவற்றையும் ஹில்டா வாங்கி அலமாரியில் வைத்தாள். கால்களைத் தூக்கி வைத்துப் படுக்கும் கட்டில். மேலே ஒரு விரிப்பு. எதிரே டி.வி. மாதிரி ஒரு பெட்டி. கட்டிலுக்கு முன்னால் சின்ன விளக்கும் பைனாகுலரும் சேர்ந்த மாதிரி ஒரு கருவி.

அதைப் பார்த்ததும் கிளியம்மாள் முழங்காலைச் சேர்த்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய சாமானை எங்கே விடப் போகிறீர்கள் என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். "அது உள்ள வராதும்மா. வெளியவே நின்னு பார்க்கும்," என்றார்.

வாத்து மூக்கு மாதிரி ஒரு கருவியை மட்டும் வைத்தார்கள். கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் குளிர்ச்சி. விளக்கைப் போட்டதும் எதிரே பெட்டியில் படம் வந்தது. இதுதான் உங்கள் கர்ப்பப்பை வாய் என்றார் டாக்டர். கிளியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ரோஸ் நிறத்தில் வழவழவென்று, நடுவில் சின்னத் துளையோடு இருந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. உள்ளே பார்ப்பது அவள் தொழில் அல்லவா?

"கிளீனாத்தான கீது," என்றாள். ஒரு பிள்ளையைப் பெற்று, இவ்வளவு காலம் உழைத்த உடம்பில் இப்படி ஒரு சுத்தமா என்று அவளுக்குக் கர்வமாகவும் இருந்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. பஞ்சில் வினிகர் மாதிரி ஒன்றைத் தொட்டு அங்கே ஒற்றினார். லேசாகக் காந்தியது. ரோட்டோரக் கோபி மஞ்சூரியன் கடை வாசனை அடித்தது. ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னார். அந்த ஒரு நிமிஷத்தில், ரோஸ் நிறத்தின் இடது பக்கத்தில், கொட்டைப் பாக்கைச் சீவிய சில்லு அளவுக்கு ஓர் இடம் மெல்ல வெளுத்தது. முழுக்க வெள்ளையாகி நின்றது.

கிளியம்மாள் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தாள். டேங்க்கில் பாசி பிடிப்பதும் இப்படித்தான். சுவர் நன்றாக இருப்பதுபோலத்தான் இருக்கும், வெளிச்சத்தைச் சரியான இடத்தில் அடிக்கும்போதுதான் தெரியும்.

"டாக்டரம்மா, லெப்ட்டுல ஒரு எடம் வெளுத்துக்கீது."

"பார்த்துட்டேன்மா. அதைத் தேடித்தான் வந்தோம்."

பிறகு அயோடின் தடவினார். நல்ல இடமெல்லாம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியது. அந்தச் சில்லு மட்டும் மஞ்சளாகத் தனியே நின்றது. அங்கிருந்து கடுகளவு எடுக்கப் போகிறேன், நான் சொல்லும்போது பலமாக ஒரு தரம் இருமுங்கள், கவனம் அங்கே போய்விடும், வலி தெரியாது என்றார்.

சரியாக அந்த நேரத்தில் தலைக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் ஜன்னல் வழியாக ரிவர்ஸ் ஹாரன் சத்தம் கேட்டது. ஊரில் ஆயிரம் லாரி இருந்தாலும் தன் லாரி ஹாரன் கிளியம்மாளுக்குத் தெரியும். சம்ப்பு இந்த அறைக்குப் பின்னால்தான் இருக்கிறது போல. அடுத்து வாட்ச்மேன் குரல், அதை அமுக்கிக்கொண்டு துரை குரல். அக்கா சொல்லாமல் திறக்க மாட்டேன் என்கிறான் துரை. உங்கள் அக்காதான் சொல்லி அனுப்பினார்கள் என்கிறான் வாட்ச்மேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை, அக்கா எங்கே, கூப்பிடு என்கிறான் துரை. அலமாரிக்குள் கிளியம்மாள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"டாக்டரே சொல்றாங்கய்யா, தொற," என்றான் வாட்ச்மேன்.

"டாக்டர் உனக்குப் பெரிசு. எனக்கு எங்கக்கா சொல்லணும்."

கட்டிலில் படுத்திருந்தவளுக்குக் கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். போட்ட சட்டத்தை எப்படிக் காப்பாற்றுகிறான் பார். இந்தப் பக்கம் டாக்டர் கருவியை எடுத்துக்கொண்டு, இருமுங்கம்மா என்றார்.

கிளியம்மாள் இருமவில்லை. இருக்கிற மூச்செல்லாம் இழுத்து, வென்டிலேட்டரைப் பார்த்து, மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நின்று கூப்பிடும் குரலில் கத்தினாள்.

"டேய் தொரை, வால்வைத் தொறடா!"

தண்ணீர் சம்ப்பில் விழும் சத்தம் திமுதிமுவென்று கேட்டது. உள்ளே டாக்டர், "எடுத்தாச்சு," என்றார். எப்போது எடுத்தார் என்று கிளியம்மாளுக்குத் தெரியவே இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல இருமலைக் கேட்டதில்லை என்று டாக்டர் ஹில்டாவிடம் சொன்னாராம்.

இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தம் படும், பயப்பட வேண்டாம், அதிகமாகப் பட்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்தால் வராந்தாவில் குப்புராஜ் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் லாரி இன்சூரன்ஸ் காகிதம். எஃப்.சி.க்குப் போனவள் மறந்துவிட்டாளே என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய், வண்டியைக் காணாமல் துரைக்குப் போன் செய்திருக்கிறார். துரைக்குக் கேட்காமல் இருக்கத் தெரியும், கேட்டால் மறைக்கத் தெரியாது. மொபெட்டில் பறந்து வந்தவர், வராந்தாவில் யாரோ ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயோடு போவதைப் பார்த்துவிட்டுச் சாய்ந்திருக்கிறார். கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள் அவருக்குக் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கிளி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன்னை யாருய்யா பாத்துக்கறது?" என்றாள். அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையாக ஒரு இடம் இருக்கிறது, எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், பத்து நாளில் தெரியும் என்று மெதுவாகச் சொன்னாள். குப்புராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மயங்கவில்லை. அது பெரிய விஷயம்.

பத்து நாளும் கிளியம்மாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. பதினோராம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். டாக்டர் ஜோசலின் காகிதத்தைப் பிரித்தார். புற்றுநோய் இல்லை. ஆனால் அதற்கு முந்தின படி. அப்படியே விட்டிருந்தால் சில வருஷத்தில் அதுவாக மாறியிருக்கலாம். இப்போது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, மின்சார வளையத்தால் எடுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், அப்புறம் சொல்கிற தேதிகளில் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். குப்புராஜ் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். அடுத்த புதன்கிழமை என்று தேதி குறித்தார்கள்.

அன்று சாயங்காலமே கிளியம்மாள் டீக்கடைக்குப் போனாள். நாற்பத்தோரு பேரில் தனக்கு மட்டும்தான் கிடைத்தது என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். பரிசு விழுந்த சீட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். வெளுத்த இடத்தை டாக்டரம்மாவுக்கே காட்டிக்கொடுத்தது தான்தான் என்றாள். இருமச் சொன்னால் இருமாதீர்கள், கத்துங்கள், அதுதான் நல்லது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

புதன்கிழமை காலை துரை லாரியோடு வந்து நின்றான். குப்புராஜ் கேபினில் நடுவில் ஏறி உட்கார்ந்து, ஒத்திகைபோல இப்போதே கண்ணை மூடிக்கொண்டார். கிளியம்மாள் பின் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"லோடு புடிச்சுகினு போலாமாக்கா, காலியா போலாமா?" என்று துரை கேட்டான்.

"புடிச்சுக்கோ. போன தபா கெளம்பும்போது அவங்க சம்ப்புல டார்ச் அடிச்சுப் பாத்தேன். கழுவி மூணு வருசம் இருக்கும், ஓரமெல்லாம் பாசி. கழுவச் சொல்லிட்டு அப்புறம் வால்வைத் தொற."

ஆஸ்பத்திரி சம்ப்பையுமா பார்த்தாய் என்றார் குப்புராஜ், கண்ணைத் திறக்காமலே.

"பின்ன? என்னுத அவங்க பாக்கல?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.